அத்தையின் முதல் சாவு

என் மாமியார் இரண்டு முறை இறந்தார். இரண்டாவது முறை எல்லோரையும்போல ஆஸ்பத்திரியில், பிள்ளைகள் சுற்றி நிற்க, ஒழுங்காக இறந்தார். அதை எழுத எனக்குத் தெம்பு இல்லை. தவிர, அந்தச் சாவில் நான் எந்தக் கோமாளித்தனமும் செய்யவில்லை, அதனால் எழுதவும் ஒன்றும் இல்லை. முதல் சாவுதான் விசேஷம். அதற்கு மல்டி கலரில் போஸ்டர் அடித்தவன் நான்.

அப்போது திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு வரிசையாக மழை ஏமாற்றிய வருஷங்கள் அவை. பட்டாசு லேபிள், காலண்டர், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் ஒரே கம்ப்யூட்டர், ஒரே ஆள். காலையில் ராக்கெட் பாக்கெட்டுக்குப் பூனைக்குட்டிப் படம் தேடுவேன். மத்தியானம் யாரோ ஒரு பெரியவருக்கு 'ஆலமரம் சாய்ந்ததே' என்று அடிப்பேன். இரண்டுக்கும் ஒரே முகபாவம்தான்.

அத்தை வீடு சிவகாசிக்கு வெளியே ஒரு தெருவின் கடைசியில் இருந்தது. பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் அந்த வீட்டு வாசலில்தான் வளைந்து திரும்பும். வீட்டைச் சுற்றி ஒரு முழம் மண்கூட சும்மா கிடக்காது. பெயிண்ட் வாளி, ஓட்டைக் குடம், பழைய கிரைண்டர் தொட்டி என்று கையில் கிடைத்ததில் எல்லாம் செடி வைத்திருப்பார். பிச்சி, மல்லி, அரளி, செவ்வந்தி, கோழிக்கொண்டை. தெருக்குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று குழாய்க்கே தெரியாத ஊரில், இந்தத் தோட்டம் எப்படிப் பிழைத்தது என்று கேட்டால் அதில் என் பங்கும் உண்டு. நான் குளித்த தண்ணீரில் பிழைத்தது.

தலைத்தீபாவளிக்குப் போன அன்றே அத்தை என்னைக் கொல்லைப்புறம் அழைத்துப் போய் ஒரு கல்லைக் காட்டினார்.

"மாப்ளே, இன்னைக்கு முருங்கைகிட்ட நின்னு குளிங்க. நாளைக்குக் கல்லத் தூக்கி அரளிப் பக்கம் போட்டுத் தாறேன்."

"பாத்ரூம் இருக்குல்ல அத்தே?"

"அங்கன குளிச்சா தண்ணி சும்மா சாக்கடைக்குல்ல போகும்? சோப்பு மட்டும் கம்மியா போடுங்க. செவ்வந்திக்கு ஆகாது."

அதன்பிறகு அந்த வீட்டில் என் மரியாதை செடிகளின் தேவையைப் பொறுத்து ஏறி இறங்கியது. கோடையில் என்னைவிட நல்ல மாப்பிள்ளை உலகத்தில் இல்லை. "இன்னும் ரெண்டு நாளு இருந்துட்டுப் போங்களேன், பிச்சி வாடிக் கிடக்கு" என்பார். பாசத்தில் நான் இன்னும் ஒரு வாளி கூடுதலாக ஊற்றிக் குளிப்பேன்.

அத்தைக்கு ஒரு மகள், அவளைத்தான் நான் கட்டியிருக்கிறேன். ஒரு மகன். மாமனார் நான் மாப்பிள்ளையாக வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். சாமர்த்தியசாலி. மச்சினன் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து ரூமில் வேலை பார்த்தான். வெடிக்குள் அடைக்கிற மருந்தைக் கலக்கிற இடம் அது. மற்ற வேலையைவிடக் கூலி கூட, ஏன் கூட என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்த வேலை வேண்டாம் என்று அத்தை அழுதார், திட்டினார், சோறு போடாமல் பார்த்தார். அவன் பக்கத்து வீட்டில் சாப்பிட்டுவிட்டு வேனில் ஏறிப் போனான்.

அவன் அந்த வேலைக்குப் போன வருஷத்திலிருந்துதான் அத்தை முளைப்பாரியை ஒரு வெறியோடு பிடித்துக்கொண்டார். அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டியதும், மண்சட்டியில் எருவும் வைக்கோலும் பரப்பி நவதானியத்தைப் போட்டு, வெயில் படாத அறையில் வைத்து, தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். ஆண்கள் அந்த அறைக்குள் எட்டிப்பார்க்கக்கூடாது. பொங்கலன்று வெளுத்த பச்சையாய் எழும்பி நிற்கிற பயிரைப் பெண்கள் தலையில் தூக்கி ஊர்வலம் போவார்கள். பயிர் நன்றாக நின்றால் அந்த வருஷம் அந்த வீடு நன்றாக நிற்கும். சாய்ந்தால் யாரும் பேசமாட்டார்கள்.

"பயிரு நின்னா பய நிப்பான் மாப்ளே," என்பார் அத்தை. அவ்வளவுதான் அவருடைய ஆன்மிகம். தெருவில் எல்லா வீட்டிலும் அந்த வேனில் ஏறுகிற ஆள் ஒன்று இருந்ததால், எல்லா வீட்டுச் சட்டியும் அத்தையின் பின்கட்டு அறைக்கே வந்து சேர்ந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பது அத்தைதான். சாமியானா, சேர், ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுகிறவருக்கு ஃபோன் போடுவதும் அவர்தான், முதல் ஒப்பாரியை எடுத்துக் கொடுப்பதும் அவர்தான். அத்தை ஃபோன் செய்தால் அந்த வாடகைக்காரர் யார், என்ன என்று கேட்கமாட்டார். "செட்டா அனுப்பிருதேன்த்தா" என்பார். பத்தே நிமிஷத்தில் வண்டி கிளம்பிவிடும். அப்படி ஒரு நம்பிக்கை.

அந்தப் பங்குனியில் வெயில் மண்டையைப் பிளந்தது. அம்மனுக்குப் பூச்சொரிய என்று அத்தை தை மாசத்திலிருந்தே என்னைக் குளிக்க வைத்து வளர்த்த பூவெல்லாம் ஒன்றாகப் பூத்துவிட்டது. பறித்தால் சாயங்காலத்துக்குள் வாடிவிடும். ஈரச்சாக்கில் சுற்றிப் பார்த்தார், அவிந்துபோனது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. எத்தனையோ சாவு வீட்டில் பெட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதவர் அல்லவா? வெளியே போட்ட மாலை வாடும், பெட்டிக்குள் போட்ட மாலை மட்டும் மறுநாள்வரை அப்படியே இருக்கும் என்பதை அழுகைக்கு நடுவிலும் கவனித்து வைத்திருக்கிறார்.

பொங்கலுக்கு முந்தின நாள் காலையில் ஃபோன் போட்டு, "நாளைக்குப் பொங்கலுக்கு ஆளுக உக்கார சாமியானா, சேரு வேணும். பெட்டியும் ஒண்ணு அனுப்பு," என்றிருக்கிறார். வாடகைக்காரர் காதில் 'பெட்டி' மட்டும்தான் தங்கியிருக்கும். செட்டாக அனுப்பிவிட்டார். வந்த பெட்டியை வாசலில் வைத்து, கரண்ட் கொடுத்து, கழுவித் துடைத்து, பூவை எல்லாம் உள்ளே நிரப்பி, வெயில் படாமல் மேலே ஒரு வெள்ளை வேட்டியைப் போர்த்திவிட்டு, அத்தையும் என் மனைவியும் இன்னும் சில பெண்களும் முளைப்பாரி அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள். கடைசித் தண்ணீர் தெளிக்கும்போது வாய் திறக்கக்கூடாது, பொழுது சாயாமல் வெளியே வரவும் கூடாது. இது ஊர் வழக்கமா, அத்தையின் சொந்தத் தயாரிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மத்தியானச் சோற்றுக்கு வேலைத்தலத்திலிருந்து திரும்பிய தெரு எதைப் பார்த்திருக்கும்? சாமியானா. சேர். ஓடிக்கொண்டிருக்கும் ஃப்ரீசர் பெட்டி. மேலே வெள்ளை வேட்டி. உள்ளே ஆள் அரவம் இல்லை. எந்தச் சாவுக்கும் முதலில் வருகிற அத்தையைக் காணோம். இதெல்லாம் போதாது என்று, செட்டோடு சேர்ந்து வருகிற சங்கு ஊதுகிறவர் சைக்கிளில் வந்து இறங்கி, வழக்கம்போல ஊதிவிட்டார்.

பிரஸ்ஸில் எனக்கு இந்தச் செய்தி ஆர்டராக வந்தது. தெரு நண்பர்கள் குழுவைச் சேர்ந்த இரண்டு இளவட்டங்கள் பைக்கில் வந்து என் மேசைக்கு முன்னால் தலையைத் தொங்கப்போட்டு நின்றார்கள்.

"அண்ணே, உங்களுக்குத் தாக்கல் வந்திருக்குமே."

எங்கள் பக்கம் மாமனார் வீட்டுச் சாவுச் செய்தி, தாக்கல் என்போம், முதலில் மாப்பிள்ளைக்கு வர வேண்டும். வரவில்லை என்றால் அதை வைத்து ஆயுசுக்கும் சண்டை போடலாம். எனக்கு ஒரு தாக்கலும் வரவில்லை. ஆனால் அதை இந்தப் பயல்களிடம் ஒத்துக்கொண்டால் என் கௌரவம் என்ன ஆவது?

"வந்துச்சு, வந்துச்சு," என்றேன், செத்தது யார் என்றே தெரியாமல், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு.

"போட்டோ மட்டும் நீங்க குடுத்துருங்கண்ணே. அத்தை போட்டோ எங்ககிட்ட இல்ல."

கம்ப்யூட்டர் மேசையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அத்தை வீட்டுக்கு ஃபோன் அடித்தேன். வெகுநேரம் அடித்து, யாரோ ஒரு பெண் எடுத்து, "அய்யோ..." என்று ஒரு நீண்ட அழுகை அழுதுவிட்டு வைத்துவிட்டார். அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

முதலாளி கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வந்தார். நல்ல மனிதர். என் தோளில் கை வைத்து, தழுதழுத்த குரலில், "மல்டியா, சிங்கிளா?" என்றார்.

மாமியாருக்கு ஒற்றைக் கலரில் அடித்தால் ஊர் காறித் துப்பாதா? "மல்டிதான் அண்ணாச்சி," என்றேன் விம்மிக்கொண்டே.

என்னிடம் இருந்த ஒரே படம் என் கல்யாணத்தில் எடுத்தது. அதில் அத்தை என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏமாந்துவிட்டோமோ என்று யோசிக்கிற முகம். அதையே வெட்டி ஒட்டினேன். பின்னால் வைக்க ரோஜாத் தோட்டம் தேடினேன், அவசரத்தில் சிக்கவில்லை. காலையில் புஸ்வாணப் பெட்டிக்குச் செய்த டிசைன் திறந்தபடி இருந்தது. தங்கமாய்ப் பொறி பறக்கும். அதையே வைத்தேன். அத்தை தலைக்குப் பின்னால் புஸ்வாணம் சீறியது. பார்க்கத் தெய்வீகமாகத்தான் இருந்தது. எனக்குக் கவிதை வேறு வரும் என்ற நினைப்பு உண்டு. கண்ணைத் துடைத்துத் துடைத்து எழுதினேன்:

தோட்டம் அழுகிறது, துளசி தேம்புகிறது,
தண்ணீர் ஊற்ற யாருண்டு தாயே?

மிஷின்மேன் அதைப் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். என் எழுத்துக்கு ஒருவர் அழுதது அதுதான் முதலும் கடைசியும்.

மை காயாத போஸ்டர்களைச் சுருட்டிக்கொண்டு பயல்கள் முன்னால் பறந்தார்கள். நான் வண்டியில் பின்னால் போனேன். வழிநெடுக, ரைஸ்மில் சுவரில், டீக்கடைத் தட்டியில், பஸ் ஸ்டாப்பில் என்று ஒவ்வொரு இடத்திலும் அத்தை என்னை முறைத்தார்.

தெருமுனையிலேயே அழுகைச் சத்தம் கேட்டது. வண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பெட்டிமேல் விழுந்தேன். "அத்தே! கல்லத் தூக்கிப் போட இனி யாரு இருக்கா அத்தே!" என்று கத்தினேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, இருந்தாலும் கூட அழுதார்கள். வேட்டியை விலக்கிப் பார்த்தேன். கண்ணாடிக்குள் பிச்சியும் செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் மூடி வரைக்கும் நிறைந்திருந்தன. ஆள் தெரியவில்லை.

"முகமாச்சும் தெரியுற மாதிரி வச்சிருக்கக்கூடாதா," என்றாள் பக்கத்தில் ஒரு கிழவி. "பூ மேல அம்புட்டு ஆசை மகராசிக்கு. மூழ்கிப்போயிட்டாளே."

அந்த நேரத்தில்தான் மச்சினன் வந்தான். கம்பெனியில் அலுமினியப் பவுடர் வேலை நடந்துகொண்டிருந்தபோது தாக்கல் போயிருக்கிறது. கைகால்கூடக் கழுவாமல் யாருடைய பைக்கிலோ ஏறி வந்துவிட்டான். தலையிலிருந்து கால்வரை வெள்ளி. கோயில் உற்சவர் கோபித்துக்கொண்டு இறங்கி வந்ததுபோல இருந்தது. கண்ணிலிருந்து மட்டும் இரண்டு கறுப்புக் கோடு தாடைவரை இறங்கியிருந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு அவன் போட்ட சத்தத்தில் நாங்கள் எல்லோரும் அழுவதை நிறுத்திவிட்டோம்.

"எம்மா! நீ சொன்னத நான் கேக்கலியேம்மா! ஒரு தடவ எந்திரிச்சு வாம்மா! வந்துட்டன்னா இனிமே மருந்து ரூமுக்குள்ள கால் வைக்கமாட்டேன்மா! ஒம்மேல சத்தியம்! அந்த வேன்லயே ஏறமாட்டேன்மா!"

பின்கட்டுக் கதவு திறந்தது.

அறைக்குள் நடந்ததை என் மனைவி பிறகு சொன்னாள். சங்குச் சத்தம் கேட்டதிலிருந்து அத்தைக்கு உட்கார முடியவில்லையாம். தெருவில் யாரோ போய்விட்டார்கள், தான் இன்னும் போய் நிற்கவில்லை! பேசவும் கூடாது. மேலத்தெருத் தாத்தாவா, டெய்லர் அம்மாவா என்று சைகையிலேயே கேட்டு எல்லோரையும் படுத்தியிருக்கிறார். பொழுது சாய்ந்ததும் முதல் வேலையாகக் கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கு ஓடி வந்தார். சாமியானாவுக்குக் கீழே கூட்டம், பெட்டி, அழுகை. அவ்வளவுதான். வேறு எதையும் யோசிக்கவில்லை. கொண்டையை அவிழ்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து தொப்பென்று உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டார்.

"அய்யோ, எவ போயிட்டாத்தா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!"

எனக்கு அழுகை நிற்கவே இல்லை. "நீங்கதான் அத்தே," என்றேன்.

"நானா?" என்று கேட்டுவிட்டு இன்னும் ஓர் அடி அடித்துக்கொண்டார். பிறகுதான் கை நின்றது.

அப்புறம் நடந்த கூச்சலை விவரிக்க முடியாது. இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். சங்கு ஊதுகிறவர் சைக்கிளை எடுக்க மறந்து ஓடினார். மச்சினன் பெட்டியை விட்டு அத்தையைக் கட்டிக்கொண்டதில் அத்தையும் பாதி வெள்ளி ஆனார். யாரோ கையில் மிச்சமிருந்த போஸ்டரை நீட்டினார்கள். அத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"துளசி எதுக்கு மாப்ளே தேம்புது? காலையிலதான தண்ணி ஊத்துனேன்?"

"அது கவிதை அத்தே."

"படம் வேற கெடைக்கலியாக்கும். வெடி வெடிச்சதுல செத்தவ மாதிரில்ல இருக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான்.

இதோடு முடிந்திருந்தால் இது வெறும் வேடிக்கை. கோயில் தலைவர் வந்து சேர்ந்தார். மாமனாருக்குப் பங்காளி, அத்தைக்குக் கொழுந்தன் முறை. கையில் மஞ்சள் காப்புக் கயிறு. அத்தை உயிரோடு இருப்பதைப் பார்த்து முதலில் அவர் முகத்தில் சந்தோஷம் வந்தது. அப்புறம் பொறுப்பு வந்தது.

"மதினி, நீங்க நல்லா இருக்கீக, சந்தோசம். ஆனா காப்புக் கட்டின பெறகு பாரி வளக்குற வீட்டு வாசல்ல பொணப்பெட்டி வந்து, சங்கு ஊதி, ஒப்பாரியும் வச்சாச்சு. இது சாவு வீடு ஆகிப்போச்சு. உள்ள இருக்க பாரி ஆத்தாளுக்கு ஆகாது. நாளைக்கு எடுக்க வேண்டாம்."

அத்தையின் முகம் செத்துப்போனது. போஸ்டரில் இருந்ததைவிட மோசமாக. மகனை ஒரு தரம் பார்த்தார். பயிர் வாசலைத் தாண்டவில்லை என்றால் இந்த வருஷம் முழுக்க அந்த வேன் சத்தத்தை எப்படிக் கேட்டுக்கொண்டு இருப்பார்? தெருப் பெண்களும் அப்படித்தான் நின்றார்கள். எல்லோருடைய சட்டியும் உள்ளேதான் இருந்தது.

"அது பொய்யி ஒப்பாரிதான சித்தப்பா," என்றாள் என் மனைவி.

"பொய்யின்னு சொல்லாத தாயி," என்று ஒப்பாரி வைத்தவர்கள் கோபப்பட்டார்கள். "நெசமாத்தான் அழுதோம். தொண்ட கட்டிப்போச்சு."

"கேட்டீகளா மதினி? நெசமான ஒப்பாரி," என்றார் தலைவர்.

அத்தை கொண்டையை முடிந்துகொண்டு எழுந்தார். குரல் நிதானமாக வந்தது.

"சரி கொழுந்தனாரே. நான் செத்துட்டேன்னு வச்சுக்கிருவோம். தீட்டு யாருக்கு? செத்தவளுக்கா, பங்காளிக்கா?"

"பங்காளிக்குத்தான்."

"நீங்க யாரு?"

தலைவர் துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார்.

"பதினாறு நாளு நீங்க கோயில் படிய மிதிக்கப்படாது. மொதல்ல அந்தக் காப்ப அவுருங்க. அவுத்துட்டு வீட்டுல போயி உக்காருங்க, வேற ஆளு வந்து பொங்கல நடத்தட்டும். இல்ல, நான் உசுரோடதான் இருக்கேன்னா, உசுரோட இருக்கவ வீட்டுல ஏது சாவு? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. நான் செத்துட்டேனா, இல்லியா?"

கூட்டம் தலைவரின் மணிக்கட்டையே பார்த்தது. அவரும் அதைத்தான் பார்த்தார். காப்பு அவிழ்ந்தால் பரிவட்டம் போகும், மைக் போகும், நன்கொடை வாசிப்பது போகும். என் வாழ்க்கையில் ஒரு மாமியார் உயிரோடு இருக்க வேண்டும் என்று ஓர் ஆண் அவ்வளவு மனப்பூர்வமாக விரும்பிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நீங்க நூறு வருசம் இருப்பீக மதினி," என்றார் கடைசியில். "ஆனா ஆத்தா மனசு நமக்குத் தெரியாதுல்ல. பயிரப் பாத்துருவோம். ஒப்பாரி பட்டிருந்தா சாஞ்சிருக்கும். நின்னா எடுத்துக்கிருங்க."

இதற்கு அத்தையால் மறுப்புச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவரே அதை நம்பினார். சற்று முன்புதான் தண்ணீர் தெளித்துவிட்டு வந்திருக்கிறார், பயிர் நின்றது. இப்போது நிற்கிறதா என்று அவருக்குத் தெரியாது. ஆண்கள் பார்க்கக்கூடாது என்பதால் தலைவரின் மனைவி விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பெட்டியின் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். வேறு யார் கை என்று நினைத்துப் பிடித்தாரோ, நான் விடுவித்துக்கொள்ளவில்லை.

போனவர் வரவே இல்லை. "என்னடீ, நட்டு வளக்கியா?" என்று தலைவர் கத்தினார்.

வந்தார். முகம் சுண்டியிருந்தது. அத்தையின் நகம் என் உள்ளங்கையில் பதிந்தது.

"எல்லாம் நிக்குது," என்றார் அந்த அம்மாள் வேண்டாவெறுப்பாக. "அக்காவோடது முழங்கை ஒசரம் நிக்குது. எங்க வீட்டுச் சட்டிதான் கட்டையா கெடக்கு. எனக்கு மட்டும் எந்த எருவப் போட்டீக?"

குலவைச் சத்தம் கிளம்பியது. அதே வாய்கள், அதே சாமியானா. இழவுக்கு என்று தாயில்பட்டியிலிருந்தும் ஆலங்குளத்திலிருந்தும் மாலையோடு வந்து இறங்கிய சொந்தக்காரர்கள் இந்தக் குலவையைக் கேட்டுவிட்டு, சாவுக்குச் சந்தோஷப்படுகிற இவர்கள் எல்லாம் மாப்பிள்ளை பக்கத்து ஆட்களோ என்று சந்தேகப்பட்டார்கள். அத்தையின் அண்ணன் பிறந்த வீட்டுக் கோடிச்சேலையோடு வந்து, தங்கச்சி வாசலில் நிற்பதைப் பார்த்து, சேலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். "குடுங்கண்ணே, நல்ல கெட்டி நூலு," என்று அத்தை வாங்கிக்கொண்டார். அந்தக் கோடை முழுவதும் அது நாற்றுகளுக்கு நிழல்பந்தலாகக் கிடந்தது. வந்த மாலைகளை எருக்குழியில் போட்டார். வந்தவர்களுக்கு உலை வைத்தார்.

அடுப்பில் சோறு கொதிக்கும்போதுதான் மகனைக் கூப்பிட்டார். அவன் பாதி முகம் கழுவியிருந்தான்.

"ஏலே, பெட்டிகிட்ட என்னமோ சொன்னியே."

"எப்ப?"

"எந்திரிச்சு வாம்மான்ன. வந்துட்டேன்ல?"

"எம்மா, அது நீ செத்துட்டேன்னு நெனச்சுச் சொன்னது."

"செத்தவளுக்குக் குடுத்த சத்தியத்த மீறலாம், உசுரோட இருக்கவளுக்குக் குடுத்தத மீறப்படாதுலே. தெருவே கேட்டுச்சு."

மச்சினன் உதவிக்கு என்னைப் பார்த்தான். நான் பெட்டியைப் பார்த்தேன். தோற்ற களைப்பில் சேரில் உட்கார்ந்திருந்த தலைவருக்குத் தீர்ப்புச் சொல்ல ஒரு வழக்குக் கிடைத்துவிட்டது. "சத்தியம் சத்தியந்தாம்ப்பா," என்று எழுந்தே நின்று சொன்னார். "காப்புக் கட்டின ஊருல சொன்னது வேற."

"வேற வேலைக்கு எங்க போக?" என்றான் அவன்.

அத்தை மெதுவாக என் பக்கம் திரும்பினார். உயிரோடு இருக்கிறவரைச் சாகடித்த என் கையில் இன்னும் மை இருந்தது.

"மாப்ளே, உங்க பிரஸ்ல ஆள் எடுக்காகளா?"

மறுநாள் முளைப்பாரி ஊர்வலம் போனது. காலையிலேயே வாடகைக்காரரிடமிருந்து ஃபோன் வந்தது, பெட்டி வேண்டும், எங்கேயோ நிஜமாகவே தேவைப்படுகிறது என்று. அத்தை பூவை எல்லாம் அள்ளிக் கூடையில் போட்டார். கடைசியாக ஒரு கை பிச்சிப்பூவை மட்டும் பெட்டிக்குள்ளேயே விட்டு மூடி அனுப்பினார். யார் என்று கேட்கவில்லை.

சாயங்காலம் கண்மாயில் பாரி கரைக்கப் போனால் கண்மாயில் தண்ணீரே இல்லை. டிராக்டரில் டேங்க் கொண்டுவந்து ஒரு பள்ளத்தில் நிரப்பி அதில் கரைத்தார்கள். அத்தை தன் சட்டியைக் கவிழ்த்துவிட்டு வெகுநேரம் முழங்கால் தண்ணீரில் நின்றார்.

மச்சினன் பிரஸ்ஸில் சேர்ந்தான். முதலாளி மறுக்கவில்லை. பெரிய துக்கத்தில் இருந்த குடும்பம் என்று ஒரு கரிசனம். காகிதம் அடுக்குகிற வேலை. கூலி குறைந்தது என்று முணுமுணுத்தான், காகிதத்தில் ஒரு விறுவிறுப்பே இல்லை என்றான். ஆனாலும் போனான். இரண்டு வருஷத்தில் மிஷின் ஓட்டினான்.

அடுத்த பங்குனிக்கு நான் போனபோது அத்தை கொல்லையில் எருவை உடைத்துக்கொண்டிருந்தார். பின்கட்டு அறையில் சட்டிகள் அடுக்கியிருந்தன. எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"அதான் உங்க மகன் எறங்கிட்டான்ல அத்தே. இந்த வருசம் யாருக்குப் பாரி?"

வாசலில் வேன் வளைந்து திரும்பியது. உள்ளே இருந்து வேலைக்குப் போகிற தெருப் பிள்ளைகள், "அத்தே! பெரியம்மா!" என்று கத்திக்கொண்டு போனார்கள். அவர் எரு படிந்த கையைத் தூக்கிக் காட்டினார். வேன் சத்தம் தேய்கிறவரை கையை இறக்கவில்லை.

"அவன்தான எறங்கியிருக்கான்," என்றார். "வேன் ஓடுதுல்ல மாப்ளே."

நான் சல்லடையை எடுத்துக்கொண்டு, எருவைச் சலிக்க உட்கார்ந்தேன்.